வாரத்துக்கு எத்தனை பல் பூண்டு

பூண்டைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். மூன்று வருஷம் நான் ஊரையே கேட்டு ஓய்ந்துவிட்டேன். வாரத்துக்கு எத்தனை பல் சாப்பிடுவீர்கள், பச்சையாகவா வேகவைத்தா, நசுக்கியா முழுசாகவா, சின்னப் பல்லா பெரிய பல்லா. அதுதான் எனக்கு உத்தியோகம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், பூண்டு சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்றில் புற்றுநோய் வருவது குறைகிறதா இல்லையா என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதில் நான் ஆட்களைக் கேட்டு எழுதுகிறவள். என் அக்காவின் வீட்டுக்காரர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே வருஷக் கணக்காகிறது. "வாங்க பூண்டு ஆபீசர்" என்பார். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிப்பேன். இப்போது அத்தான் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஒரு தடவை கூப்பிட்டால் தேவலை என்று இருக்கிறது.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் செய்து வைத்த காரியம் புரியும். நானூறு நோயாளிகள், நானூறு நல்லபடியாக இருக்கிறவர்கள். நோயாளிகளுக்கு நீலத்தாள், மற்றவர்களுக்கு வெள்ளைத்தாள். இரண்டிலும் அதே நாற்பத்தொரு கேள்வி. யார் அதிகம் பூண்டு சாப்பிட்டிருக்கிறார்கள் என்று கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தகர டப்பா. அதற்குள் களிமண்ணில் செய்து வெள்ளை பூசிய மூன்று பூண்டுப் பல், சின்னது, நடுத்தரம், பெரியது. எந்த அளவு என்று காட்டிக் கேட்க வேண்டும். ஒரு பெரியவர் நான் ஏதோ சாப்பிடக் கொடுக்கிறேன் என்று நினைத்து நடுத்தரத்தை எடுத்து வாயில் போட்டுக் கடித்தே விட்டார். அந்தத் தடம் கடைசிவரை அப்படியே இருந்தது.

ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா ஒல்லியான, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷி. பயிற்சி நாளில் எங்கள் ஆறு பேரையும் உட்காரவைத்து ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கேள்வியை எழுதியிருக்கிறபடி வாசி. பிறகு வாயை மூடு. மனசுக்குள் பத்து எண்ணு. அதற்குள் அவர்களே பேசுவார்கள்.

அந்தப் பத்துதான் எனக்கு முடியாது. நான் பொறுமைக்குப் பிறந்தவள் இல்லை. மூன்று எண்ணுவதற்குள், நாலு பல் இருக்குமா, அஞ்சு போடட்டுமா என்று நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவர்களும் பாவம், அஞ்சே போட்டுக்கோம்மா என்பார்கள். நேற்றுச் சாப்பிட்டதே ஞாபகமில்லாத ஜனங்களிடம் பத்து வருஷத்துப் பூண்டைக் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்?

நாற்பத்தொன்றில் இரண்டு கேள்விகளை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். பதினேழாவது: "கடந்த ஆறு மாதத்தில் வயிற்றெரிச்சல், வலி, பசியின்மை, எடை குறைதல், மலம் கறுப்பாகப் போவது, இவற்றில் ஏதாவது உண்டா?" வெள்ளைத்தாள்காரர்கள் யாராவது உண்டு என்று சொல்லிவிட்டால் அவர்களிடம் ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுக்க வேண்டும். அதைக் காட்டினால் வரிசையில் நிற்காமல் அன்றைக்கே வயிற்று டாக்டர் பார்ப்பார். கடைசிக் கேள்வி: "இதற்கு முன் இந்த ஆராய்ச்சிக்காக யாராவது உங்களைக் கேள்வி கேட்டிருக்கிறார்களா?" ஒரே ஆளை இரண்டு தடவை எழுதிவிடக் கூடாது என்பதற்காக. அதை நான் ஒருநாளும் வாய்விட்டு வாசித்ததே இல்லை. எதிரில் உட்கார்ந்து நானே கேட்டுக்கொண்டிருக்கும்போது இதென்ன அசட்டுக் கேள்வி என்று 'இல்லை' போட்டுவிட்டுப் போவேன்.

இனி அக்கா. அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. எனக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து கல்யாணம் செய்து வைத்தது வரைக்கும் அவள்தான். கல்யாணம் நிலைக்காமல் நான் பெட்டியோடு திரும்பி வந்தபோது வாசலில் நிற்கவைத்து ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே கூப்பிட்டுக்கொண்டவளும் அவள்தான். பெரிய விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. பாதாள அறை, ஆறு இயந்திரம், எந்நேரமும் ஆவி. ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு மடிப்பார்கள். அங்கே வேலை செய்கிற எல்லோரிடமும் அக்கா, "என் தங்கச்சி கேன்சர் ஆராய்ச்சில இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தாள். நான் போனால் அந்தப் பெண்களெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் அவள் சமையலறையில் உட்கார்ந்துதான் கேள்விகளை வாசித்துப் பழகினேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்பாள். வீட்டுச் சமையலில் அவள் பூண்டை அள்ளிப் போடுகிறவள். நாலாவது நாள், நான் தடுமாறியதும் அவளே அடுத்த கேள்வியைச் சொல்லித் தந்தாள்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், வெள்ளைத்தாளுக்கு ஐம்பதைத் தாண்டிய பெண்கள் கிடைக்கவில்லை. நோயாளிகள் கட்டிலில் படுத்திருப்பார்கள், எங்கே ஓடப்போகிறார்கள்? நல்லபடியாக இருக்கிறவளைப் பிடித்து முக்கால் மணிநேரம் உட்கார வைப்பதுதான் பாடு. அடுப்பில் பாத்திரம் இருக்கிறது, பேத்தி அழுகிறாள், பிறகு வாம்மா. கடைசித் தேதிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. எனக்குப் பதினொரு தாள் குறைந்தது. மற்ற ஐந்து பேரும் முடித்துவிட்டிருந்தார்கள். நான் மட்டும் முடிக்காமல் போய் நிற்பதா என்ற வீம்பு வேறு.

எனக்குத் தெரிந்த பதினொரு பெண்களைப் பிடித்தேன். மாடிவீட்டுக்காரி, தையற்கடைக்காரி, பழைய வாத்தியாரம்மா, இப்படி. எல்லோரிடமும் முதல் பக்கத்தில் சம்மதக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டேன். மிச்சத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் சந்தோஷமாகப் போட்டார்கள்.

அக்காவிடம் போனது ஒரு மத்தியானம், அவளுடைய சாப்பாட்டு நேரம். என்னைப் பார்த்ததும் மேலங்கியில் கையைத் துடைத்தாள், முடியை ஒதுக்கிக்கொண்டாள். ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, ஃபோட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ம், கேளு" என்றாள். 

கேட்க என்ன இருக்கிறது, உன்னைப் பற்றி எனக்குத் தெரியாததா, கையெழுத்தைப் போடு, பஸ் வந்துவிடும் என்றேன். போட்டாள். பேனாவை என்னிடம் திருப்பித் தரும்போது, "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு நான் படியேறிவிட்டேன். பஸ் கிடைத்தது. ஜன்னலோர இடம்கூடக் கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பதினொன்றையும் எழுதி முடித்தேன். பொய் எழுதுகிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் தெரிந்த மனுஷிகள்தானே, கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அக்காவுக்கு வாரம் பதினாலு பல், பெரியது, வேகவைத்தது. பதினேழாவது கேள்விக்கு 'இல்லை'. கடைசிக் கேள்விக்கு 'இல்லை'. நல்ல முத்து முத்தான கையெழுத்து எனக்கு.

மறுவாரக் கூட்டத்தில் டாக்டரம்மா என் தாள்களில் இரண்டை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டினார். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை, இப்படி இருக்க வேண்டும் என்றார். அவர் கையில் இருந்தவை அந்தப் பதினொன்றைச் சேர்ந்தவை. நிஜமாக மனுஷர்களைக் கேட்டு எழுதிய தாள் அப்படி இருக்காது. நாலு என்பார்கள், இல்லையில்லை ஆறு என்பார்கள், என் மருமகளைக் கேளுங்கள் என்பார்கள், தாள் முழுக்க அடியும் கிறுக்கலுமாக இருக்கும். எனக்குக் காது சூடானது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து அறிக்கை வந்தது. பன்னிரண்டு பக்கம். நோயில்லாதவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பூண்டு சாப்பிட்டதாகத் தெரிகிறது, ஆனால் இதை வைத்துப் பூண்டு புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா மூன்று இடத்தில் எழுதியிருந்தார். ஒரு பத்திரிகைக்காரர் அதைப் படித்தாரோ, படிக்கவே இல்லையோ, "தினம் மூணு பல் பூண்டு, வயிற்றுப் புற்றுநோய்க்கு வேட்டு" என்று கட்டம் கட்டிப் போட்டுவிட்டார். டாக்டரம்மா மறுப்பு எழுதி அனுப்பினார். அது எட்டாம் பக்கத்து மூலையில் வந்தது. யார் பார்த்தார்கள்?

அக்கா முதலில் வந்த செய்தியை வெட்டி எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இன்னொன்றைச் சலவைக்கூடத்துச் சுவரில் ஒட்டினாள். மறுநாளே காலையில் வெறும் வயிற்றில் மூன்று பல்லைப் பச்சையாக நசுக்கித் தண்ணீரோடு விழுங்க ஆரம்பித்தாள். அத்தான் அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டினார். வீட்டில் கொசுத்தொல்லை தீர்ந்தது, நானும் கொசுவோடு சேர்ந்து வெளியே திண்ணையில் படுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன் என்பார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு ஒருநாள் எனக்கு லீவு. அக்காவைப் பார்க்கச் சலவைக்கூடத்துக்குப் போனேன். கூட மடிக்கிறவள் வரவில்லை என்று அக்கா தனியாகத் திணறிக்கொண்டிருந்தாள். நான் விரிப்பின் அந்தப் பக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டேன். விரிப்பை மடிப்பது தெரியும் அல்லவா, இரண்டு பேர் எட்டி நின்று இழுத்து உதறி, பிறகு கிட்டே வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அப்படிக் கிட்டே வந்தபோதுதான் அவள் இடுப்பைப் பார்த்தேன். சீருடைப் பாவாடையின் இடுப்புப் பட்டியில் இரண்டு ஊக்குக் குத்தியிருந்தாள். துணியை ஒரு கை அகலத்துக்கு மடித்துப் பிடித்திருந்தன அவை.

எத்தனை நாளாக என்று கேட்டேன். மழுப்பினாள். விடவில்லை. எரிச்சல், ரெண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை, போன வாரம் கறுப்பாகப் போனது. ஒவ்வொன்றாக, விரிப்பை உதறிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். மூன்று வருஷம் நீலத்தாள் எழுதியவளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வா, வாய்வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்த்துவிடலாம், பத்து நிமிஷ வேலை என்றேன்.

மாட்டேன் என்றாள். இன்னும் இரண்டு மாசம் பூண்டு தின்று பார்க்கிறாளாம். எரிவது நல்லதற்குத்தானாம், உள்ளே இருக்கிறதை அது கொல்கிறதாம். பூண்டு மருந்தில்லை, அந்தக் கட்டம் கட்டிய செய்தி தப்பு, டாக்டரம்மாவே மறுத்திருக்கிறார் என்று நான் கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். அவள் சுவரில் ஒட்டியிருந்ததை ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்க டாக்டரம்மா பயந்த சுபாவம், எதையும் அடிச்சுச் சொல்ல மாட்டாங்கன்னு நீதானே சொல்லுவே. எண்ணூறு பேரைக் கேட்டு எழுதினீங்க. அதுல நானும் ஒருத்தி. அவங்க சொல்றத விடு. நீ கேட்டு எழுதினத நான் நம்பறேன்."

விரிப்பின் இரண்டு முனையும் என் கையில் இருந்தது. அவள் அந்தப் பக்கம். நடுவில் வெள்ளையாக ஆறடித் துணி. இப்போது சொல்லாவிட்டால் இவள் இரண்டு மாசம் பூண்டு தின்பாள். சொன்னால், என் மூஞ்சியை இனி இவள் முன்னால் எங்கே கொண்டு வைப்பது? ஒரு நிமிஷம் நிஜமாகவே இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். அக்காவின் உயிர் ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். அப்படி நிறுத்துப் பார்த்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"நான் எல்லாரையும் கேக்கல அக்கா" என்றேன். "பதினொரு பேருக்கு நானே எழுதினேன். உன்னையும்தான்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. அன்றைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனேனே, அந்தத் தாளா என்றாள். ஆமாம். அதில் என்ன எழுதினாய் என்றாள். சொன்னேன். வாரம் பதினாலு பல். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.

அவள் துணியை உதறவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. அப்படியே நின்றாள்.

"அந்தச் சமயம் நான் பூண்டே தின்னல" என்றாள். "சமையல்ல போடுவேன், என் தட்டுல வந்ததப் பொறுக்கி ஓரமா வெச்சுருவேன். தின்னா எரிஞ்சுது. அதுக்கும் ரெண்டு மாசம் முன்னாலயே விட்டுட்டேன்."

ஏன் அப்போதே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் வந்தது பாருங்கள்.

"உங்கிட்டச் சொன்னா நீ கத்துவே. ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போகப் பயம். உன் கேள்வியெல்லாம் எனக்கு மனப்பாடம்தானே, வயித்தப் பத்தி ஒண்ணு வரும்னு தெரியும். நீ தாளோட வந்து கேக்கறப்போ சொல்லிக்கலாம்னு இருந்தேன். தாள்ல எழுதிட்டா அப்பறம் நீயும் கத்த முடியாது, மஞ்சச் சீட்டுக் குடுத்துத்தான் ஆகணும்." கொஞ்சம் நிறுத்தி, "நீ கேப்பேன்னு உக்காந்திருந்தேன்" என்றாள்.

கூடையைக் கவிழ்த்துப் போட்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்குக் கண்ணில் வந்தது. அவ்வளவுதானா என்று அவள் கேட்டதும் காதில் விழுந்தது. பஸ் பிடிக்க ஓடினேனே, பாவி, எனக்கு அன்றைக்கு அப்படி எந்தக் கோட்டையைப் பிடிக்க வேண்டியிருந்தது?

அக்கா என்னைத் திட்டவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அழுது தீர்த்திருப்பேன். அவள் கிட்டே வந்து, என் கையிலிருந்த முனைகளை வாங்கி, விரிப்பை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டாள்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி இருந்தது. வயிற்றில் முக்கால்வாசியை எடுக்க வேண்டும், எடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, பிறகு மருந்து ஏற்ற வேண்டும் என்று அறுவை டாக்டர் சொன்னார். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா என்று ஆரம்பித்தவர், அத்தான் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தியதை நான் தினமும் முடித்துப் பார்த்துக்கொள்கிறேன். அன்று மாலை அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு எழுந்து போனார். திரும்பி வந்தபோது இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றை என் பக்கத்தில் பெஞ்சில் வைத்தார். பூண்டு ஆபீசர் என்று கூப்பிடவில்லை, வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்கு ஒன்றரை வருஷம் குறுகுறுக்கவே இல்லை, அதையும், அக்கா அப்போதே பூண்டை விட்டிருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து பதினொரு தாளையும் தேடி எடுத்தார். கஷ்டமே இல்லை, சுத்தமாக இருக்கிற தாள்களை எடுத்தால் போதும். அக்காவின் தாளை மட்டும் நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் பதினொண்ண எடுத்துட்டாலும் கணக்கு பெருசா மாறாதும்மா" என்றார். எனக்கு ஒரு நொடி மூச்சு வந்தது. அதற்குள் அவரே தொடர்ந்தார். "பூண்டு தின்னாததால நோய் வந்ததா, நோய் உள்ள வந்ததால பூண்டு பிடிக்காமப் போச்சா, இதுதான் எனக்குத் தெரியாம இருந்தது. நோய் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே பூண்ட விட்ட ஒருத்தரக் கூட நான் நேர்ல பாக்கல. உங்க அக்கா வெள்ளைத்தாள்ல அதச் சொல்லியிருப்பாங்க. எனக்கும் உதவியிருக்கும், அவங்களுக்கும் உதவியிருக்கும்."

அவரும் திட்டவில்லை. வேலை போனது, அது போகத்தான் வேண்டும். பதினொரு பெண்களில் மற்ற பத்துப் பேர் வீட்டுக்கும் நானே போய், செய்ததைச் சொல்லி, பதினேழாவது கேள்வியைக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்றார். போனேன். ஒவ்வொரு வாசலிலும் பத்து எண்ணினேன். தையற்கடைக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். பழைய வாத்தியாரம்மா, "நீ இப்படிச் செய்வேன்னு நான் நினைக்கலியே" என்றார். யாருக்கும் வயிற்றில் ஒன்றும் இல்லை. அதுவரைக்கும் நிம்மதி.

அக்காவுக்கு அறுவை முடிந்த ஏழாம் நாள், வார்டில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்து முடித்திருந்தாள். ஒரு பெண் தகர டப்பாவும் நீலத்தாளுமாக வந்தாள். என் இடத்துக்கு எடுத்திருக்கிறார்கள். டாக்டரம்மா ஆராய்ச்சியை மறுபடி, கேள்விகளைத் திருத்தி, ஆரம்பித்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. உறவுக்காரங்க கொஞ்சம் வெளிய இருக்கணும்மா, பக்கத்துல இருந்தா எடுத்துக் குடுத்துருவாங்க என்றாள் சிரித்துக்கொண்டே. நான் எழுந்து, கட்டிலை மறைத்திருந்த திரைக்கு வெளியே போடப்பட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். திரை தரைவரை எட்டாது. என் செருப்புக் கால் உள்ளே இருந்து பார்த்தால் தெரியும்.

டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. இதில் எந்த அளவு என்று அவள் கேட்டாள். அக்கா, இதென்ன ஒண்ணுல பல்லுப் பட்டிருக்கு என்றாள். வாரத்துக்கு எத்தனை பல் என்றாள் அந்தப் பெண். அக்கா மெலிந்த குரலில், எந்தக் காலத்துக் கணக்கு வேணும், முதல்ல தின்னதா, எரிஞ்சு விட்டப்பறமா, பேப்பர்ல பாத்து மறுபடி தின்னதா என்று கேட்டாள். மூணும் தனித்தனியாச் சொல்லுங்கம்மா என்றாள் அவள். அக்கா ஒன்று சொன்னாள், பிறகு அது இல்லை என்று வேறு சொன்னாள். பேனா கீறி அடிக்கிற சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. அந்தப் பெண் அவசரப்படவே இல்லை.

பதினேழாவது கேள்வி வந்தது. எழுதியிருக்கிறபடி வாசித்துவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் வெளியே உட்கார்ந்து எண்ணினேன். நாலு, அஞ்சு, ஆறு. ஏழில் அக்கா பேச ஆரம்பித்தாள். எரிச்சல் எந்த மாசம் வந்தது, எந்தப் பொருள் முதலில் பிடிக்காமல் போனது, முதல் ஊக்கு எப்போது குத்தினாள், இரண்டாவது எப்போது. கால் மணிநேரம் சொன்னாள். அத்தனையும் அவளிடம் அப்போதே இருந்திருக்கிறது. நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

கடைசியில் தாளைப் புரட்டுகிற சத்தம். இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வாசித்தாள். நான் ஒருநாளும் வாய்விட்டு வாசிக்காத கேள்வி. இதற்கு முன் இந்த ஆராய்ச்சிக்காக யாராவது உங்களைக் கேள்வி கேட்டிருக்கிறார்களா?

மறுபடி எண்ணினேன். பத்தும் முடிந்தது. அந்தப் பெண் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தாள். கட்டில் கிறீச்சிட்டது. அக்கா தலையைத் திருப்பித் திரைக்குக் கீழே பார்த்திருப்பாள். நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"இல்லம்மா" என்றாள் அக்கா. "யாரும் கேக்கல."